தெரிந்தவர் வீட்டைத் தாண்டும்போது

ஓடத் தொடங்கிய மூன்றாம் நாள், எதிர்வீட்டு அக்கா கேற்றைத் திறந்துகொண்டு வெளியே வந்துவிட்டார். "என்ன புள்ள, ஆருக்கு என்ன?" என்றார், குரல் நடுங்க. ஒருவருக்கும் ஒன்றுமில்லை, சும்மாதான் ஓடுகிறேன் என்றேன். அவர் நம்பவில்லை. மட்டக்களப்புக் கல்லடியில் நாற்பத்தொரு வயதுப் பெண் விடியற்காலை ஐந்தேகாலுக்கு வீதியால் ஓடுகிறாள் என்றால், ஒன்றில் வீட்டில் யாருக்கோ நெஞ்சுவலி, இல்லாவிட்டால் கடல் வருகிறது. இரண்டாவதை நாங்கள் பகிடிக்குச் சொல்வதில்லை. 2004 மார்கழியில் இதே வீதியால் ஓடியவர்கள்தான் இன்றைக்கும் இங்கே கேற்றடியில் நிற்கிறார்கள்.

அடுத்த நாளிலிருந்து அந்த அக்காவின் வீட்டைத் தாண்டும்போது கையை ஆட்டிவிட்டுப் போனேன். கை ஆட்டினால் ஆபத்தில்லை என்று அர்த்தம்.

எனக்கு அரச வேலை. பிரதேச செயலகம் ஒன்றில் அபிவிருத்தி உத்தியோகத்தர். பெயரைக் கேட்டால் ஓடியாடிச் செய்யும் வேலை போல இருக்கும், பத்து வருடமாகச் செய்வது கதிரையில் இருந்து படிவம் நிரப்புவது. அம்மாவுக்குச் சீனி வருத்தம், அம்மம்மாவுக்கும் சீனி. எனக்கும் எல்லையில் நிற்கிறது என்று இரத்தப் பரிசோதனையில் வந்தது. 2024 மாசியில் மழை விட்டதும், மகளின் பழைய பொட்டத்தையும் நீளக்கை வைத்த ஒரு ரீசேட்டையும் போட்டுக்கொண்டு இறங்கினேன்.

ஒரு லைட் போஸ்ற்றிலிருந்து அடுத்த லைட் போஸ்ற் வரைக்கும் ஓட்டம். அங்கிருந்து அடுத்தது வரைக்கும் நடை. மறுபடி ஓட்டம். இதை நானே கண்டுபிடித்தேன் என்று ஒரு மாதம் நினைத்துக்கொண்டிருந்தேன். 1972 ஒலிம்பிக்கில் 10,000 மீற்றர் ஓடிய ஜெஃப் கலோவே என்ற அமெரிக்கர் 1970களிலேயே புதியவர்களை இப்படித்தான் ஓடவைத்தார் என்று பிறகு தெரிந்தது. அவர் முறையில் நான் தவறவிட்ட ஒரு விசயம் இருந்தது. களைத்தபின் நடப்பதில்லை, களைக்க முன்னமே நடக்கவேண்டும். முதல் கிலோமீற்றரில், இன்னும் சும்மா பறக்கலாம் போல இருக்கும்போதே நடையைத் தொடங்கிவிடவேண்டும். நானோ மூச்சு முட்டி, நாரியில் கையை ஊன்றிக்கொண்டு நின்றபின்தான் நடந்தேன். நடை எனக்குத் தோல்வி போலத் தெரிந்தது.

எப்படியோ சித்திரை வருடப்பிறப்புக்கு முன் 5 கிலோமீற்றர் நிற்காமல் ஓடினேன். வீட்டில் சொன்னதும் மகள், "அம்மா மரதன் ஓடிட்டாங்க" என்று அறிவித்தாள். பிழை அவளுடையது இல்லை. எங்கள் பள்ளிக்கூடங்களில் விளையாட்டுப் போட்டிக்கு முன் வீதியில் நடக்கும் ஓட்டத்துக்கு எப்போதும் மரதன் என்றுதான் பெயர், அது எத்தனை கிலோமீற்றராக இருந்தாலும். உண்மையான மரதன் 42.195 கிலோமீற்றர். 1908 லண்டன் ஒலிம்பிக்கில் ஓடிய தூரத்தை 1921ல் எல்லோருக்கும் பொதுவாக்கினார்கள். கல்லடிப் பாலத்திலிருந்து ஓடத் தொடங்கினால் அது கல்முனையைத் தாண்டிவிடும். எனக்கு அந்த ஆசை இல்லை. அதில் பாதி, 21 கிலோமீற்றர் போதும் என்று அன்றைக்கே மனதில் விழுந்துவிட்டது. யாருக்கும் சொல்லவில்லை.

சரி, இனி வீடுகளைப் பற்றிச் சொல்லவேண்டும்.

கல்லடியிலிருந்து தெற்கே போகும் பிரதான வீதியில் நாவற்குடா வரைக்கும் எனக்குத் தெரிந்தவர்களின் வீடுகள் குறைந்தது முப்பது இருக்கும். அலுவலகத்தில் கூட வேலை செய்யும் மிஸ் ஒருவர், மகளின் ரியூசன் ஆசிரியர், கணவரின் பெரியப்பா குடும்பம், ஒருகாலத்தில் எனக்குக் கலியாணம் பேசிவந்து பிறகு வேண்டாம் என்ற குடும்பம். ஐந்தரை மணிக்கு எங்கள் ஊரில் யாரும் படுக்கையில் இருப்பதில்லை. முற்றம் கூட்டுவார்கள், பல்தீட்டிக்கொண்டு மதிலோரம் நிற்பார்கள், பாணுக்குப் போவார்கள். ஒவ்வொரு தெரிந்த வீடு வரும்போதும் என் கால் தானாக வேகம் பிடிக்கும். முதுகு நிமிரும், வாய் மூடும், மூச்சு மூக்கால் மட்டும் போகும். வீட்டைத் தாண்டியதும் எல்லாம் பழையபடி குலையும். கலியாணம் பேசிவந்தவர்களின் வீட்டை நான் தாண்டிய வேகத்தில் ஒலிம்பிக்குக்கே போயிருக்கலாம்.

சம்மாந்துறைப் பக்கம் உடற்கல்வி ஆசிரியராக இருக்கும் தம்பிக்கு, போனில் பதிவான வேகக் கோட்டுப்படத்தை அனுப்பினேன். பாராட்டுவான் என்று எதிர்பார்த்தேன். அரை மணித்தியாலம் கழித்துக் கோல் எடுத்தான்.

"அக்கா, இது என்ன, மீன்முள்ளு மாதிரி இருக்கு? நீங்க ஓடல்ல. ஆரோ விட்டு விட்டுத் துரத்துறாங்க."

எட்டரை நிமிடத்துக்கு ஒரு கிலோமீற்றர் ஓடவேண்டியவள், வீடுகளுக்கு முன்னால் ஆறு நிமிட வேகத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். தூரம் கூட்டவேண்டுமென்றால் வேகத்தைக் குறைக்கவேண்டும், அவ்வளவுதான் என்றான். எவ்வளவு குறைப்பது? முழு வசனமாகக் கதைக்க ஏலவேணும். ரெண்டு சொல்லுக்கு ஒருக்கா மூச்சு இழுத்தா வேகம் கூட. மணிக்கூடு, இதயத்துடிப்பு எல்லாம் மறுகா பாப்பம். இதுதான் அவன் தந்த முழுப் பாடம்.

மெதுவாக ஓடுவது ஓடத் தெரியாதவர்களுக்கான சலுகை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். நியூசிலாந்தில் ஆர்தர் லிடியார்ட் என்று ஒரு பயிற்சியாளர் இருந்தார். அவரிடம் பயின்ற பீற்றர் ஸ்னெல், 1960 ரோம் ஒலிம்பிக்கில் 800 மீற்றர் ஓட்டத்தில் தங்கம் வென்றவர். இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும் போட்டி அது. அதற்காக அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் 22 மைல், ஏறக்குறைய 35 கிலோமீற்றர், மலைப்பாதையில் ஓடிக்கொண்டிருந்தார். நீண்ட நேரம் நிதானமாக ஓடும்போது தசைக்குள் மெல்லிய இரத்தக் குழாய்கள் பெருகுகின்றன, கலங்களுக்குள் சக்தி செய்யும் பாகங்கள் கூடுகின்றன, கொழுப்பை எரிக்க உடம்பு பழகுகிறது. முட்டி மோதி ஓடுகிறவருக்கு இதற்குத் தேவையான நேரமே கிடைப்பதில்லை. அவர் அதற்குள் களைத்து வீட்டுக்கு வந்துவிடுவார்.

இதையெல்லாம் தம்பி சொல்லி எனக்கு விளங்கியும்விட்டது. விளங்கினால் போதுமா? அடுத்த நாள் காலை ரியூசன் ஆசிரியர் வீட்டு மதிலைக் கண்டதும் கால் மறுபடி பறந்தது.

ஆனியில் எனக்கு அடி விழுந்தது. அதுவரை ஒரே ஓட்டத்தில் ஓடிய ஆகக்கூடிய தூரம் 8 கிலோமீற்றர். போயா விடுமுறை, மகள் மாமியோடு மாமாங்கக் கோயிலுக்குப் போயிருந்தாள், நேரம் நிறைய இருந்தது. காத்தான்குடி தாண்டி, ஆரையம்பதி தாண்டி ஓடினேன். எங்கள் பக்கத்து வீதிக்கு ஒரு கெட்ட குணம், ஏற்றமே கிடையாது. கடலுக்கும் வாவிக்கும் நடுவே பாய் விரித்த மாதிரிக் கிடக்கும். மலைநாட்டில் என்றால் ஏற்றம் வந்து, போதும் திரும்பு என்று சொல்லும். இங்கே ஒன்றும் சொல்லாது. கிலோமீற்றர் கற்களும் சேர்ந்து ஏமாற்றும். இது கொழும்பிலிருந்து இரத்தினபுரி, வெல்லவாய, பொத்துவில், கல்முனை என்று சுற்றி வரும் ஏ4 வீதி, கல்லில் இருக்கும் இலக்கம் கொழும்பிலிருந்து எண்ணியது. நாங்கள் தெற்கே ஓட ஓட இலக்கம் குறைந்துகொண்டு போகும். கூடுவதைவிடக் குறைவதைப் பார்த்தால் கால் உற்சாகப்படுகிறது. அன்றைக்கு 14 கிலோமீற்றர் ஓடிவிட்டேன்.

கடைசி இரண்டு கிலோமீற்றரில் இடது கணைக்காலின் உட்பக்கம் விண் விண் என்று தெறித்தது. நாவற்குடாவில் ஒரு மதிலைப் பிடித்துக்கொண்டு காலை நீட்டி மடக்கிக்கொண்டிருந்தபோது, பின்னால் "அரோகரா" என்று சத்தம் கேட்டது. கதிர்காமப் பாதயாத்திரைக்காரர்கள். யாழ்ப்பாணம் தொண்டைமானாறு செல்வச் சந்நிதியிலிருந்து நடந்து வருகிறவர்கள். கையில் வேல், தலையில் துணிமூட்டை, பாதிப் பேருக்குக் காலில் செருப்பே இல்லை. முன்னால் வந்த அம்மம்மாவுக்கு எழுபது வயதுக்குக் குறையாது. என்னைக் கண்டதும் நடையை நிறுத்தாமலே, "எங்க மகள் போறாய்?" என்று கேட்டார். ஓடுகிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை, மதிலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். "வீட்டுக்குத்தான்" என்றேன். "நடந்து போ மகள், கால் வீங்கிக்கிடக்கு" என்றார், போய்விட்டார்.

நொண்டிக்கொண்டு அவர்களுக்குப் பின்னால் போனேன். பிடிக்க முடியவில்லை. பாதம் தரையோடு தேய்கிற மாதிரி ஒரு நடை. கையை வீசுவதில்லை, உடம்பு மேலும் கீழும் ஆடுவதில்லை, மூட்டை அசையவேயில்லை. பக்கத்தில் வந்தவரோடு ஏதோ குடும்பக் கதை பேசிக்கொண்டே போனார். தெருவோரம் யார் பார்க்கிறார்கள் என்ற எண்ணமே அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கும் இருந்ததாகத் தெரியவில்லை. அவர்கள் இனிக் களுவாஞ்சிக்குடி, கல்முனை, திருக்கோவில், பொத்துவில் என்று போய், உகந்தையில் வேலைக் கும்பிட்டுக் காட்டுக்குள் இறங்கி, குமனையும் யாலையும் கடந்து கதிர்காமம் சேரவேண்டும். நான் வீட்டுக்கு ஓட்டோ பிடித்தேன்.

எலும்பு வெடித்திருக்குமோ என்று பயந்து மருந்துக்குப் போனேன். வைத்தியர் பெருவிரலால் கணைக்காலின் ஓரமாக மேலிருந்து கீழே அழுத்திக்கொண்டு போனார். ஒரு சாண் நீளத்துக்குப் பரவலாக நொந்தது. பரவலாக நொந்தால் எலும்பைச் சுற்றியுள்ள சவ்வும் தசையும் இழுபட்டிருக்கும், ஒரேயொரு புள்ளியில், விரல் வைத்துக் காட்டக்கூடிய மாதிரி நொந்து, நடக்கும்போதும் இரவிலும் விடாவிட்டால்தான் எலும்பு வெடிப்பைச் சந்தேகிக்கவேண்டும் என்று விளக்கினார். வெடிப்பு இருந்தாலும் முதல் இரண்டு மூன்று கிழமை எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாமாம். ஐந்து கிழமை ஓட்டம் கிடையாது. சைக்கிள் ஓடலாம், வலி இல்லாத அளவுக்கு நடக்கலாம். மாமி நல்லெண்ணெய் சூடாக்கித் தந்தார். "ஆர் உன்ன ஓடச் சொன்ன?" என்ற கேள்வியும் எண்ணெயோடு தினமும் வந்தது.

அந்த ஐந்து கிழமையில்தான் கொஞ்சம் வாசித்தேன். இதயமும் நுரையீரலும் சில கிழமைகளிலேயே பழகிவிடுகின்றன. தசைநாரும் எலும்பும் மாதக்கணக்கு எடுக்கின்றன. எலும்பு பலமாகும் விதம் எங்கள் வீதி அபிவிருத்தி போலத்தான். முதலில் பழையதைக் கிண்டி எடுக்கும், பிறகுதான் புதியதை நிரப்பும். கிண்டி எடுத்த கட்டத்தில் எலும்பு முன்னரைவிடக் கொஞ்சம் பலவீனமாகவே இருக்கும். நிரம்பி முடிய மூன்று நாலு மாதம் ஆகும். கிண்டிய வீதியில் கனரக வாகனத்தை விட்டால் என்ன ஆகும் என்று என் அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள். என் மூச்சு 14 கிலோமீற்றருக்குத் தயாராக இருந்தது, கணைக்கால் இன்னும் கிண்டப்பட்டுக் கிடந்தது.

கிழமைக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் தூரத்தைக் கூட்டக்கூடாது என்று ஓட்டக்காரர்கள் எல்லோரும் ஒரு விதி சொல்வார்கள். அது எந்தக் கல்லிலும் வெட்டியதில்லை. 2008ல் நெதர்லாந்தில் புதிய ஓட்டக்காரர்களை இரண்டு குழுவாகப் பிரித்துப் பார்த்தார்கள். மெல்ல மெல்லக் கூட்டிய குழுவிலும், வேகமாகக் கூட்டிய குழுவிலும் ஐந்தில் ஒருவர் அளவில் காயப்பட்டார்கள். அதனால் விதி பொய் என்று ஆனந்தப்பட்டவர்களும் உண்டு. தம்பி பிறகு 2025ல் வெளிவந்த வேறொரு ஆய்வைப் பற்றி அனுப்பினான். 5,000க்கும் மேற்பட்ட ஓட்டக்காரர்களின் மணிக்கூட்டுப் பதிவுகளை ஒன்றரை வருடம் பின்தொடர்ந்தது. அதில் கிழமைக் கணக்குப் பெரிதாக ஒன்றும் காட்டவில்லை. காட்டியது ஒற்றை ஓட்டம்தான். கடந்த 30 நாளில் ஓடிய ஆக நீண்ட ஓட்டத்தைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் ஒரே நாளில் தாவியவர்கள் கூடுதலாகக் காயப்பட்டார்கள். இரண்டு மடங்குக்கு மேல் தாவியவர்களுக்கு ஆபத்தும் இரண்டு மடங்குக்கு மேல். நான் தாவியது 75 சதவீதம். வாசித்ததும் கணைக்கால் ஒருதரம் தெறித்தது.

ஆடி முடியும்போது 3 கிலோமீற்றரில் மறுபடி தொடங்கினேன். கிழமையில் நாலு நாள். மூன்று நாள் சின்ன ஓட்டம், ஞாயிறு நீண்ட ஓட்டம். நீண்டதை ஒரு தடவைக்கு அரைக் கிலோமீற்றர், ஒன்று என்று கூட்டி, ஒவ்வொரு நாலாம் கிழமையும் குறைத்து ஓடினேன். கணக்கு அவ்வளவுதான், இதில் எழுத ஒன்றுமில்லை.

எழுதவேண்டியது ரொறன்ரோவில் இருக்கும் தங்கச்சியைப் பற்றி. ஞாயிறு காலை இங்கே ஐந்து மணி என்றால், அங்கே கோடையில் சனி பின்னேரம் ஏழரை. சமைத்துவிட்டு அவள் போனை எடுக்கும் நேரம். ஒருநாள் ஓட வெளிக்கிடும்போது கோல் வந்தது. வைக்க மனமில்லாமல் காதில் இயர்போனைச் செருகிக்கொண்டு கதைத்தபடியே ஓடினேன். அன்றைக்கு முதல்தரம் முப்பது வீடுகளையும் ஒரே வேகத்தில் தாண்டினேன். மிஸ் மதிலடியில் நின்றார், தலையை ஆட்டிவிட்டுப் போனேன். அவர் கண்ணில் நான் மெதுவாக ஓடுகிறவள் இல்லை, முக்கியமான கோலில் இருப்பவள். வெட்கத்தை மறைக்க எனக்கு ஒரு போன் தேவைப்பட்டிருக்கிறது.

தம்பி சொன்ன முழு வசனச் சோதனைக்கு இதைவிட நல்ல கருவியும் கிடையாது. வேகம் கூடினால் தங்கச்சிக்கு உடனே கேட்டுவிடும். "அக்கா, நாய் மாதிரி மூச்சு வாங்குது, மெதுவாப் போங்க கா, கதை விளங்குதில்ல" என்பாள். அவளுடைய மாமியார் கதை காத்தான்குடி வரைக்கும் வரும். வீட்டுக்கடன் வட்டி ஆரையம்பதி வரைக்கும். அம்மாவின் காணி விசயம் எடுத்தால் என் குரல் உயரும், வேகமும் உயரும். அதை நீண்ட ஓட்டத்தில் எடுப்பதில்லை என்று ஒப்பந்தம் செய்துகொண்டோம். ஓட்டத்தின் நடுவே ஒன்பது நிமிடத்துக்கு ஒருதரம் ஒரு நிமிடம் நடக்கவும் அப்போதுதான் பழகினேன். போனில் கதைக்கிறவர் நடந்தால் யாருக்கும் வித்தியாசமாகப் படாது.

நாய்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஓடினால் துரத்தும், நின்றால் யோசிக்கும், நடந்தால் மறந்துவிடும். என் நடை இடைவெளிகளில் பாதியை முடிவுசெய்தது நாய்கள்தான்.

ஆவணி, புரட்டாதியில் கச்சான் வீசியது. வெளியூர்க்காரர்களுக்குக் கச்சான் என்றால் நிலக்கடலை, எங்களுக்கு அது மேற்கேயிருந்து தரையைச் சுட்டுக்கொண்டு வரும் காற்றும்தான். கடற்காற்று இல்லாத அந்த நாட்களில் காலை ஆறரைக்கே முகத்தில் அடுப்பு மூட்டும். மற்ற நாட்களில் வேறு கரைச்சல், ஈரப்பதன். வியர்வை வடிகிறது, காய்கிறதில்லை. காய்ந்தால்தான் உடம்பு குளிரும். வெக்கைக்கு உடம்பு பழகப் பத்துப் பதினாலு நாள் எடுக்கும் என்பதால், அந்த நாட்களில் வேகத்தைப் பார்க்கவே கூடாது.

ஒரு ஞாயிறு ஓட முன்னும் பின்னும் நிறுத்துப் பார்த்தேன். 10 கிலோமீற்றருக்கு, இடையில் ஒன்றும் குடிக்காமல், 1.2 கிலோ குறைந்திருந்தது. அவ்வளவும் கொழுப்பு என்று மகள் கைதட்டினாள். ஏறக்குறைய அவ்வளவும் தண்ணீர், ஒரு கிலோ என்றால் ஒரு லீற்றர். அதற்காக வெறும் தண்ணீரை மடக் மடக்கென்று குடித்து நிரப்பினால் இரத்தத்தில் உப்பு ஐதாகி அதுவும் ஆபத்து, தாகத்துக்குத்தான் குடிக்கவேண்டும். இளநீரில் பொட்டாசியம் நிறைய, ஆனால் வியர்வையில் நாங்கள் இழக்கும் உப்பு அதில் குறைவு. நீண்ட ஓட்டங்களுக்கு நான் அரை லீற்றர் போத்தலில் ஜீவனி கரைத்து எடுத்துக்கொண்டு போகப் பழகினேன். வயிற்றோட்டத்துக்குக் குடிக்கிற சாமான் என்று மாமி முகம் சுளித்தார். ஓடி முடிந்ததும் பழஞ்சோற்றுத் தண்ணியில் உப்பும் வெங்காயமும் போட்டுத் தந்ததும் அவர்தான். எது திறம் என்றால் மாமியுடையதுதான்.

சாப்பாடு விசயத்தில் காத்தான்குடிக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். பிரதான வீதியின் நடுவே வரிசையாகப் பேரீச்ச மரங்கள் நிற்கும் ஊர் அது. இருட்டோடு அந்த மரங்களுக்குப் பக்கத்தால் ஓடும்போதுதான் யோசனை வந்தது. ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் ஓடினால் மணிக்கு 30 கிராம் அளவிலாவது மாச்சத்து உள்ளே போகவேண்டும் என்கிறார்கள். அதற்கென்று விற்கும் பசைப் பைக்கற்றுகளின் விலையைப் பார்த்துவிட்டு மூடி வைத்தவள் நான். சின்னப் பேரீச்சம்பழம் ஒன்றில் ஐந்தாறு கிராம் சீனி இருக்கும். கொட்டை எடுத்த ஆறு பழம், ஒரு பொலித்தீனில் சுற்றிப் பொட்டத்தின் பொக்கற்றில். ஒன்றை வாயில் ஒதுக்கிக்கொண்டால் ஒரு கிலோமீற்றர் ஓடும். தங்கச்சிக்குத்தான் என்ன சொல்கிறேன் என்று விளங்காது.

ஐப்பசி பிந்தி மழை வந்தது. கார்த்திகை, மார்கழியில் எங்கள் வீதிகளில் எது வீதி, எது வாய்க்கால் என்று தெரியாது. வெள்ளத்துக்கு அடியில் மூடியில்லாத கானும் இருக்கும். ஓட மிஞ்சியது பழைய கல்லடிப் பாலம் ஒன்றுதான். 1924ல் திறந்த இரும்புப் பாலம், தேசாதிபதி மனிங்கின் மனைவி பெயரில் லேடி மனிங் பாலம் என்று எழுதுவார்கள். பக்கத்தில் 2013லிருந்து புதுப்பாலம் வாகனங்களைச் சுமக்கிறது. பழையதின் நீளம் 290 மீற்றருக்குக் கொஞ்சம் குறைவு. 7 கிலோமீற்றருக்கு இருபத்துநாலு தடவை இந்த அந்தத்திலிருந்து அந்த அந்தம். தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஐயா ஒருவர் பதினாறாம் தடவை என்னை மறித்து, "என்ன மகள், ஏதும் துலைச்சிட்டியா?" என்று கேட்டார். பாடும் மீன் கேட்பதற்குப் பௌர்ணமி இரவில் வள்ளத்தில் வருகிற இடம் அது. நான் கேட்டதெல்லாம் என் சப்பாத்துக்குள் தண்ணி சளக் சளக் என்றதுதான்.

அந்தப் பாலத்தில் ஒன்று நடந்தது. ஒரே ஐயா, ஒரே நடைக்காரர்கள், போகும்போதும் வரும்போதும் அதே முகங்கள். இருபத்துநாலு தடவையும் ஒருவர் முன்னால் வேகமாக ஓடிக்காட்ட யாராலும் ஏலாது. எட்டாம் தடவைக்குப் பிறகு நான் விட்டுவிட்டேன். மழை என்பதால் போனும் வீட்டில். ஒரு சாட்டுமில்லாமல், தெரிந்தவர்கள் பார்க்க, மெதுவாக ஓடினேன், நடந்தேன், மறுபடி ஓடினேன். அவர்கள் மீனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தையில் வீதி காய்ந்ததும் நீண்ட ஓட்டம் 12, 13, 14 என்று ஏறியது. அந்தப் பழைய 14ஐ இம்முறை தொட்டபோது ஒரு வலியும் இல்லை, முடிந்ததும் சந்தைக்கும் போய்வந்தேன். மாசியில் 17, 18. இரண்டு கால்விரல் நகம் கறுத்து ஒன்று கழன்றது. சப்பாத்து அரை அளவு பெரிதாக எடுக்கவேண்டும் என்பதை அதற்குப் பிறகுதான் அறிந்தேன். நீண்ட ஓட்டத்தில் பாதம் வீங்கும்.

பங்குனியில் ஒரு ஞாயிறு, ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்க வெளிக்கிட்டேன். வீட்டிலிருந்து மண்முனைப் பாலம் பத்துக் கிலோமீற்றருக்குக் கிட்ட. 2014ல் அந்தப் பாலம் திறக்க முன், அந்த இடத்தில் படுவான்கரைக்குப் போகத் தோணியைப் பார்த்துக்கொண்டு நிற்கவேண்டும். சூரியன் எழும் பக்கம் எங்கள் எழுவான்கரை, விழும் பக்கம் படுவான்கரை. நடுவில் வாவி. கொக்கட்டிச்சோலைத் தேருக்குச் சின்ன வயதில் அப்பாவோடு அந்தத் தோணியில் போன ஞாபகம் இருக்கிறது. அக்கரையில் இன்னும் உள்ளே ஓடலாம்தான், ஆனால் இருட்டோடு யானை வரும் பக்கங்கள் அவை, பேரீச்சம்பழத்தைக் கொடுத்துச் சமாளிக்க ஏலாது.

பாலத்துக்கு வந்து சேர ஆறேகால். எனக்குப் பின்னால் எழுவான்கரைத் தென்னைகளுக்கு மேலே சூரியன் வந்திருந்தது. என் நிழல் எனக்கு முன்னால் நீளமாக விழுந்து படுவான்கரையில் என்னைவிட முதலில் கால் வைத்தது. வலை இழுத்துக்கொண்டிருந்தவர் ஒருவர் நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்தார். ஒரு பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுக்கொண்டு கிறுகினேன். "எங்க நிக்கிறீங்க?" என்றாள் தங்கச்சி. "படுவான்கரையில" என்றேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. "தோணியிலயா?" என்று கேட்டாள். அவள் ஊரைவிட்டுப் போன வருடம் அந்தப் பாலம் இல்லை.

பதினெட்டாம் கிலோமீற்றர் நாவற்குடாவில் வந்தது. தங்கச்சி படுக்கப் போய்விட்டாள், காதில் ஒன்றுமில்லை. ஒன்பது நிமிடம் முடிந்து நடக்கவேண்டிய இடம் சரியாக மிஸ் வீட்டு மதிலுக்கு முன்னால் வந்து நின்றது. அவர் வாயில் பிரஷ்ஷோடு நின்றார். நடந்தேன்.

"என்ன மிஸ், ஏலாமப் போச்சா?" என்றார், நுரையைத் துப்பிவிட்டு.

"ஏலும் மிஸ். அதுதான் நடக்கிறன்."

அவருக்கு விளங்கவில்லை. ஒரு நிமிடம் முடிந்ததும் ஓடத் தொடங்கினேன், அதே எட்டரை நிமிட வேகம்.

வீட்டுக்கேற்றடியில் போன் 21.1 காட்டியது. மூன்று மணித்தியாலமும் ஆறு நிமிடமும். மாமி கேற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். மீன்காரன் வந்து, ஹோன் அடித்து, இவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு இப்போதுதான் போனானாம். பாரைக்குட்டி இருந்ததாம். அங்கால கோயிலடியில்தான் நிற்பான், ஓடிப்போய் மறி என்றார்.